சோஃபாவும் அந்தமான் கப்பலும்

2016 தீபாவளிக்குக் கடையில் எனக்கு 18,000 ரூபாய் போனஸ் கொடுத்தார்கள். அதுவரை என் கைக்கு மொத்தமாக வந்த பணத்தில் அதுதான் பெரியது. அதை என்ன செய்வது என்று வீட்டில் இரண்டு பேச்சு ஓடியது. ஒன்று, முன்னறைக்கு ஒரு சோஃபா. இன்னொன்று, அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கப்பலில் அந்தமான் போய் வருவது.

சோஃபாதான் வாங்கினேன். ஒன்பது வருஷம் கழித்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அந்த முடிவு இன்னும் மனசில் ஆறவில்லை என்று அர்த்தம்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னை ஹார்பரில் 34 வருஷம் வேலை பார்த்தவர். கப்பல் கரையை நெருங்கும்போது மேலிருந்து ஒரு மெல்லிய கயிற்றை வீசுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே மணிக்கட்டை விடப் பருமனான வடம் வரும். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்து, கரையிலிருக்கும் குட்டையான இரும்புத் தூணில் அதை மாட்ட வேண்டும். கப்பல் கிளம்பும்போது கழற்றிவிட வேண்டும். இதுதான் அப்பாவின் வேலை. அவர் உள்ளங்கை இன்றைக்கும் தேங்காய் மட்டை மாதிரி இருக்கும். சின்ன வயசில் அந்தக் கையால் என் முதுகைத் தேய்த்துவிடுவார், சொரசொரவென்று சுகமாக இருக்கும்.

அந்தமான் போகும் பயணிகள் கப்பலையும் அவர் எத்தனையோ தடவை கழற்றிவிட்டிருக்கிறார். மேல்தளத்தில் குடும்பம் குடும்பமாக நின்று கையாட்டுவார்களாம். "எத்தினி கப்பலுக்கு கயிறு மாட்டினேன்மா, ஒண்ணுத்துல ஏறி ஊரு போனதில்ல" என்பார். புலம்பலாகச் சொல்ல மாட்டார். சோறு சாப்பிடும்போது ஊறுகாய் எடுத்து வை என்று சொல்கிற மாதிரிதான் சொல்வார். ஆனால் வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவார்.

போனஸ் வந்ததும் நான்தான் பேச்சை எடுத்தேன், போகலாமா அப்பா என்று. மறுநாளே பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல், ராயபுரத்திலிருந்து நடந்தே ராஜாஜி சாலை கப்பல் டிக்கெட் அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்துவிட்டார். நாலு படிவம். நிரப்புவதில் பிழை வந்தால் இருக்கட்டும் என்று மேலும் இரண்டு. போர்ட் பிளேர் இங்கிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், போக மூன்று நாள் ஆகும், கீழ்த்தளத்து பங்க் படுக்கையில் போனால் செலவு குறைவு என்று எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழம், முதல் நாளைக்குப் புளிசாதம், அம்மாவுக்கு சால்வை. ஒரு மாசம் தெருவில் யாரைப் பார்த்தாலும் இதே பேச்சுதான். அந்த ஒரு மாசம் அப்பா நடையே வேற மாதிரி இருந்தது.

அப்புறம் என் மகள் பெரியவளானாள். தை மாசம் மஞ்சள் நீராட்டு வைக்க வேண்டும். வீட்டுக்காரரின் அக்காமார்கள் மூன்று பேரும் வருவார்கள், தாய்மாமன் சீர் வரும், கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்ததோ நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒன்றுக்குக் கால் விரிசல். நாலு பேர் வந்து உட்காரும் இடம் இப்படியா இருப்பது என்று எனக்கே தோன்றியது. அப்பாவிடம் சொன்னபோது, "கப்பல் எங்க போவுது, அங்கயேதான இருக்கும். மொதல்ல புள்ளைக்கு செய்" என்றார். 26,000 ரூபாய் சோஃபா. போனஸ் போக மீதியைப் பத்து மாசத் தவணையில் கட்டினேன்.

மெரூன் கலர். வந்த அன்றைக்கு மகள் அதன் மேல் ஏறிக் குதித்தாள். விழாவுக்கு வந்தவர்கள் கையால் தடவிப் பார்த்தார்கள். மூத்த நாத்தனார், "நல்லாருக்கு, எங்க எடுத்த?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் அவ்வளவு பணமும் என்று இப்போது படுகிறது, ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்கு நிறைவாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். தவணை முடியும் முன்பே அது துவைத்த துணி குவித்து வைக்கும் இடமாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் முன்பு போலவே தரையில் பாய் போட்டு, சோஃபாவில் முதுகைச் சாய்த்து டிவி பார்த்தோம்.

மகள் இப்போது பி.எஸ்சி. சைக்காலஜி படிக்கிறாள். போன வருஷம் ஒரு நாள் இரவு, பாடத்தில் வந்த ஆராய்ச்சி ஒன்றை எனக்குப் படித்துச் சொன்னாள். லீஃப் வான் போவன், தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் 2003இல் வெளியிட்டது. நூறு டாலருக்கு மேல் செலவழித்ததை நினைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சிலரிடம் பொருள் வாங்கியதை, சிலரிடம் ஊர் சுற்றியது, கச்சேரி போனது மாதிரி ஓர் அனுபவத்துக்காகச் செலவழித்ததை. அனுபவத்துக்குச் செலவழித்தவர்கள்தான் அதை நினைத்து அதிக சந்தோஷப்பட்டார்களாம். பொருள் கண்ணுக்குப் பழகிப்போகிறது, அனுபவம் மனசுக்குள் வளர்கிறது என்பது மாதிரி ஒரு விளக்கம்.

கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. "இதை எழுதினவங்க வீட்ல வாஷிங் மெஷின் எப்பவோ வந்திருக்கும்டி" என்றேன். மனசார சொன்னேன். 2011இல் நாங்கள் வாங்கிய வாஷிங் மெஷினை நான் எந்த ஊர்ப் பயணத்துக்கும் ஈடாக விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை என்றால் லாரித் தண்ணி பிடித்து, ஊற வைத்து, கல்லில் அடித்து, மாடியில் காயப் போட்டு இறங்கும்போது மணி இரண்டு. வாரத்துக்கு ஒரு லீவு நாள், அதில் பாதி சோப்பு நுரையில் போய்விடும். மெஷின் வந்த பிறகுதான் காசிமேட்டுக்குக் காலையில் வீட்டுக்காரரோடு போய் மீன் பார்த்து வாங்கும் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்தது. அது பொருளா அனுபவமா, நீயே சொல் என்றேன் மகளிடம்.

அவள் விடவில்லை. நாலு நாள் கழித்து வேறொன்றைக் கொண்டு வந்தாள். 2018இல் ஜேக்கப் லீ என்பவரும் இன்னும் இரண்டு பேரும் செய்தது. வசதியானவர்களுக்குத்தான் அனுபவம் கூடுதல் சந்தோஷம் தருகிறது, கையைக் கடிக்கும் நிலையில் இருப்பவர்களுக்குப் பொருளும் அதே அளவு, சில சமயம் அதற்கு மேலும் தருகிறது என்று அதில் வந்திருக்கிறது. இருக்கிற கொஞ்சப் பணத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டியவர்களுக்கு, நாளைக்கும் கையில் இருக்கும் ஒன்றை வாங்குவது புத்திசாலித்தனமாகப் படுகிறதாம். "நீ சொன்னதேதாம்மா" என்றாள். எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது.

நான் வேலை பார்ப்பது பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், ஒரு ஜவுளிக்கடை பில் கவுண்டரில். 18 வருஷம் ஆகிறது. ஜனங்கள் பணம் கொடுத்துப் பொருள் வாங்கும்போது அவர்கள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் வேலை அதிகம் பேருக்கு இருக்காது. ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பக்கம் பொருள், ஒரு பக்கம் அனுபவம் என்று கோடு போடுகிறார்கள். எங்கள் கடைக்குக் கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்களை அவர்கள் எந்தப் பக்கம் உட்கார வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டியிலிருந்து வேன் பிடித்து இருபது பேர் வருவார்கள். காலை பத்து மணிக்கு நுழைந்தால் மாலை ஐந்து. பாய் விரித்த மேடையில் புடவை மலை மாதிரி குவியும். "தம்பி, அந்த அரக்குல ஜரிகை கம்மியா எடுங்க" என்று ஓர் அத்தை, "பொண்ணு மாநிறம், அது எடுக்காது" என்று இன்னொரு அத்தை. பெண் எதுவும் பேசாமல் பச்சையை மட்டும் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருப்பாள். கடைசியில் தாய்மாமன் பார்த்து, "அவ கை எங்க போவுது பாருங்க, அதையே போடுங்க" என்பார்.

இரண்டு வருஷம் முன்பு ஓர் அம்மா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். என் கவுண்டரில் பணம் கட்டும்போது, "என் முகூர்த்தப் புடவையும் இந்தக் கடைதாம்மா" என்றார். என்ன கலர் என்று கேட்டேன். யோசித்தார். ஊதாவா, மாம்பழக் கலரா என்று அவருக்கே சரியாக நினைவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் அப்பா கடை வாசல் படியில் துண்டு போட்டு உட்கார்ந்து, ரோஸ்மில்க் குடித்துவிட்டு, காலி கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது, கிளாஸைப் பிடிக்கிற மாதிரி விரல்களை வளைத்துக் காட்டினார். பின்னால் வரிசை நின்றது. நான் பில்லைக் கொடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வரிசை என்றதும் இன்னொன்று. கிலோவிச்சும் அவரோடு சேர்ந்தவர்களும் 2014இல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். அதில் ஒரு பகுதியாக, வரிசையில் காத்திருந்த கூட்டங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். பொருள் வாங்க நின்றவர்களை விட, நிகழ்ச்சி மாதிரி ஏதாவதுக்காக நின்றவர்கள் நல்ல மனநிலையில் இருந்திருக்கிறார்கள். இதற்கு எனக்கு ஆராய்ச்சியே வேண்டாம். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு எங்கள் கவுண்டரில் வந்து நின்றால் தெரியும், இடித்ததற்கு ஒரு சண்டை, பை மாறியதற்கு ஒரு சண்டை. அதே ஜனம்தான் கார்த்திகையில் திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரர் கவசம் திறக்கும்போது வருகிறது. வருஷத்தில் மூன்று நாள்தான் அந்தத் தரிசனம். மூன்று மணி நேரம் நிற்கிறோம். முன்னால் நிற்பவர் குழந்தையை நாம் தூக்கி வைத்துக்கொள்கிறோம், பின்னால் நிற்பவர் நமக்குத் தண்ணீர் தருகிறார். யாருக்கும் அவசரம் இல்லை.

அப்பாவின் அந்த ஒரு மாசமும் இப்படித்தான். போகாத பயணம்தான், ஆனாலும் காத்திருந்த நாளெல்லாம் அவருக்குத் திருவிழா. சோஃபாவுக்கு நாங்கள் யாரும் அப்படிக் காத்திருக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் வீடு தரைத்தளம். 4ஆம் தேதி இடுப்பளவு தண்ணீர், சாக்கடையும் மழையும் கலந்து கறுப்பாக. மூன்று நாள் மாடி வீட்டுக்காரர்களோடு இருந்தோம். இறங்கி வந்து பார்த்தபோது தெரு முழுக்க சோஃபா, மெத்தை, ஃப்ரிட்ஜ். எந்த வீட்டில் என்னென்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் தெருவுக்கே தெரிந்தது. என் மெரூன் சோஃபா ஊறி இரண்டு மடங்கு கனம். நானும் வீட்டுக்காரரும் அதை இழுத்து வெளியே போட்டோம். அதற்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வாஷிங் மெஷின் மோட்டாருக்குள் சேறு போனதைப் பார்த்துத்தான் அழுதேன். அரசாங்கம் கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணத்தில் முதல் வேலையாக அதைச் சரிபார்க்கக் கொடுத்தேன்.

சேறு கழுவும்போது பரண் மேல் தகரப் பெட்டியில் அந்தமான் படிவங்கள் கிடைத்தன. தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறவில்லை. ஆறும் அப்படியே இருந்தன. ஒன்றில் அப்பா தன் பெயரை மட்டும் எழுதி, வயது என்ற இடத்தில் 67 என்று போட்டு நிறுத்தியிருந்தார்.

அப்பாவின் முட்டி 2019இலேயே போய்விட்டது. இரண்டு காலும். கப்பலில் ஏறும் அந்தச் சாய்வான படிக்கட்டு இனி அவரால் முடியாது. இதைத்தான் நான் 2016இல் யோசிக்கவில்லை. சோஃபா எந்த வருஷமும் கடையில் கிடைக்கும். கப்பலும் அப்பா சொன்ன மாதிரி அங்கேயேதான் நிற்கும். அப்பாவின் முட்டிக்குத்தான் கெடு இருந்தது, இன்னும் மூன்றே வருஷம். அந்தக் கெடு எந்த விலைச்சீட்டிலும் எழுதியிருக்காது. பொருள் பெரிதா அனுபவம் பெரிதா என்று என்னைக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் யாரோடு போக வேண்டும் என்று இருக்கிறீர்களோ அவர்கள் முட்டியைப் பாருங்கள், மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள், அதற்கப்புறம் எதை முதலில் வாங்குவது என்று முடிவு பண்ணுங்கள் என்று சொல்வேன்.

மகள் இதற்கும் ஒன்று சொன்னாள். பொருள் விஷயத்தில் ஜனங்கள் ஏன் வாங்கினோம் என்று வருந்துகிறார்கள், அனுபவ விஷயத்தில் ஏன் போகாமல் விட்டோம் என்று வருந்துகிறார்கள் என்று 2012இல் ஒரு ஆராய்ச்சி வந்திருக்கிறதாம். நான் ஒன்றும் பேசவில்லை. அவளும் புத்தகத்தை மூடிவிட்டாள்.

போன மே மாசம் எனக்கு 20,000 ரூபாய் சீட்டு விழுந்தது. வெள்ளத்துக்குப் பிறகு முன்னறை காலியாகவே கிடந்தது, பாயும் இரண்டு நாற்காலியும்தான். வீட்டுக்காரர், "சின்னதா ஒரு சோஃபா செட் பாத்துடலாமா?" என்றார். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், எண்ணூர் ரோட்டில் ராத்திரியெல்லாம் வரிசையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் சாய்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும் என்று அவர் நினைப்பதில் தப்பே இல்லை. இந்தத் தடவை மட்டும் விட்டுக்கொடுங்கள் என்றேன். சரி என்றார்.

ஜூன் மாசம் அப்பா, அம்மா, தம்பி, மகள், நான், ஐந்து பேரும் போட் மெயிலில் ராமேஸ்வரம் போனோம். அந்தப் பெயருக்காகவே அதில் டிக்கெட் போட்டேன். ஒரு காலத்தில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து கப்பலில் இலங்கைக்கு ஆட்களை ஏற்றிவிட்ட வண்டி அது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்குக் கீழ் பெர்த். வண்டி ஒரு மணி நேரம் தாமதம். நல்லதாகப் போயிற்று, பாம்பன் வரும்போது விடிந்துவிட்டது.

1914இல் கட்டிய பழைய பாலம் பக்கத்திலேயே நின்றது. நாங்கள் போனது 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடல் மேலேயே. நடுவில் 72 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு, கப்பல் வந்தால் லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போய்விடும். வண்டி மெதுவாக ஊர்ந்தது. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கம்பியோடு ஒட்டி வைத்திருந்தார். காற்றில் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. கீழே வரிசையாகக் கட்டிக்கிடந்த படகுகளை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். கம்பியில் அவர் பெருவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது, கயிற்றை முறுக்கிப் பார்க்கிற மாதிரி.

அம்மா இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினார். அப்பா அக்னி தீர்த்தக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது அவரைக் காணவில்லை. பதறிப் போய்த் தேடினால், தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படகுகள் கட்டியிருக்கும் பக்கம் போய், ஒரு சின்னப் பையனுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். "இப்டி போட்டா அலை இழுக்க இழுக்க இறுகும், அவுக்கணும்னா ஒரு தட்டு தட்டினா போதும்." பையன் மூன்று தடவை போட்டுப் பார்த்தான். மூன்றாவது தடவை சரியாக வந்ததும் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மொத்தச் செலவு 17,400 ரூபாய். மீதியில் வீட்டுக்காரருக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கினேன். அவர் அதில்தான் தூங்குகிறார். முன்னறைக்கு அது ஒன்றே போதும் போலிருக்கிறது.

போன ஞாயிறு அப்பாவைப் பார்க்கப் போனேன். தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த படிவங்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிவிட்டது, இந்தப் படிவம் செல்லாது என்றேன். "பேரு மாறினா என்னம்மா, கடல் அதேதான" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்குக் கேட்காமல், "கால் முடியாதவங்கள நாற்காலியோட தூக்கி ஏத்துவாங்க. நானே பாத்திருக்கேன். இப்பவும் உண்டான்னு ஒருவாட்டி கேளேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன். ராஜாஜி சாலைக்குப் போகிறேன்.